பாசனம் இல்லாமல் பழத்தோட்டம்: தென் தமிழக மானாவாரி நிலத்துக்கான முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் கிணறும் ஆழ்துளைக் குழாயும் இல்லாத நிலத்தை வைத்திருப்பவர்கள், பழமரம் என்றாலே அது தண்ணீர் வசதி உள்ளவர்களின் பயிர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் ஒரு மி.மீ. மழை ஒரு லிட்டர் நீருக்குச் சமம். அப்படிப் பார்த்தால், 8 மீட்டருக்கு 8 மீட்டர் இடைவெளியில் நடப்பட்ட ஒரு மரத்தின் பங்காகிய 64 சதுர மீட்டரில் ஆண்டுக்கு 41,600 லிட்டர் நீர் விழுகிறது. ஒரு இலந்தை மரம் உயிரோடிருந்து காய்க்க இந்த அளவு தாராளமானது. சிக்கல் அந்த நீர் மூன்று மாதத்துக்குள் வந்துவிடுவதில்தான் இருக்கிறது. ஓடியும் ஆவியாகியும் போனது போக மீதியை மரம் எட்டு, ஒன்பது மாதம் வைத்துச் செலவழிக்க வேண்டும்.

ஆகவே மானாவாரிப் பழத்தோட்டத்தில் எல்லா வேலைக்கும் முன்பாக முடிவு செய்ய வேண்டியது, மரத்தின் ஆண்டுச் சுழற்சி நம் ஊர் மழையின் சுழற்சியோடு பொருந்துகிறதா என்பதே. வறட்சியைத் தாங்கும் மரம் என்று நர்சரிகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் மரம் சாகாது என்ற பொருளில்தான். சாகாமல் நிற்பது வேறு, விற்கும்படியான பழத்தைத் தருவது வேறு. காய் பருக்கும் மாதங்களில் மண்ணில் ஈரம் இருந்தால்தான் இரண்டாவது நடக்கும்.

மண்ணை அளந்து பார்த்தல்

பாசனம் இல்லாத தோட்டத்தில் மண்தான் நீர்த்தொட்டி. செவல் கலந்த மணற்பாங்கான மண், ஒரு மீட்டர் ஆழத்துக்கு மரத்துக்குப் பயன்படும் ஈரமாகச் சுமார் 100 மி.மீ. நீரைப் பிடித்து வைக்கும். கரிசல் மண் 150 முதல் 200 மி.மீ. வரை பிடித்து வைக்கும். 64 சதுர மீட்டரில் ஒரு மீட்டர் ஆழச் செவல் மண் இருந்தால், அது 6,400 லிட்டர் தொட்டி. அரை மீட்டரில் பாறையோ கெட்டியான சுண்ணாம்புப் படிவமோ வந்துவிட்டால் அந்தத் தொட்டி பாதியாகிவிடும். மழை அளவைப் பற்றிக் கவலைப்படும் பலர் இந்த ஆழத்தைப் பார்ப்பதே இல்லை.

நிலத்தில் ஐந்தாறு இடங்களில், மேட்டிலும் பள்ளத்திலுமாக, ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சோதனைக் குழிகள் தோண்டிப் பார்க்க வேண்டும். கடப்பாரை இறங்கும் விதம், கல் தட்டுப்படும் ஆழம், மண்ணின் நிறம் மாறும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு குழியின் அடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று கவனிக்க வேண்டும். சில மணி நேரத்தில் வற்றினால் நல்லது. மறுநாளும் தேங்கி நின்றால், அந்த இடத்தில் கார்த்திகை மழையில் வேர் அழுகும். ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள இடங்களில் மரங்களின் இடைவெளியைக் கூட்டிவிட வேண்டும். ஏக்கருக்கு எத்தனை மரம் என்று பாசனத் தோட்டக்காரர் கேட்பார். இங்கே ஒரு மரத்துக்கு எத்தனை சதுர மீட்டர் என்று கணக்கிடுவதே சரி.

மரத்தைத் தேர்தல்

தென் மாவட்டங்களின் வடகிழக்குப் பருவமழைக்கு இலந்தையைப் போலப் பொருந்தும் பழமரம் வேறொன்று இல்லை என்பதே என் கணிப்பு. கோடை முற்றும்போது அது இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். ஆனி, ஆடியில் துளிர்த்து, அதன் பின் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் பருத்து, மார்கழி முதல் மாசி வரை பழுக்கும். நீர் தேவைப்படும் மாதங்களும் நீர் கிடைக்கும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றாக அமைகின்றன. ஒட்டு ரகங்களில் பனாரசி, உம்ரான், கோலா, கைத்தலி ஆகியவை தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படுபவை. இடைவெளி 8 மீட்டருக்கு 8 மீட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 63 மரங்கள்.

அடுத்த இடத்தைக் கொடுக்காப்புளிக்குக் கொடுக்கலாம். மழை முடிந்த ஈரத்தில் பூத்து, மாசி, பங்குனியில் காய் தரும் இம்மரம் உவர் நிலத்திலும் கரிசலிலும் நிற்கும். வேலியோர மரம் என்று இருந்த இதற்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பிகேஎம் 1 என்ற தேர்வு ரகத்தைத் தந்துள்ளது. முள் அதிகம் என்பதால் அறுவடைக் கூலி கூடும் என்பதை முன்பே கணக்கில் வைக்க வேண்டும்.

சீத்தாவை ஆடு மாடு கடிக்காது. சரளை நிலத்திலும் குன்றின் சரிவிலும் வளரும். அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே ஏபிகே 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஆயினும் கோடையில் பூக்கும் மரம் இது. காய் பருக்கும் ஆடி, ஆவணியில் வறண்ட காற்று மட்டும் வீசினால் பிஞ்சுகள் மரத்திலேயே கறுத்துக் கல்லாகிவிடும். ஆகவே ஆவணி, புரட்டாசியில் இடிமழை கிடைக்கும் ஊர்களுக்கு, குறிப்பாக மலையடிவாரங்களுக்கு, இதை வைத்துக்கொள்வது நல்லது. கடற்கரையை ஒட்டிய வறண்ட பகுதிகளில் பத்து மரம் வைத்துப் பார்த்துவிட்டு விரிவாக்கலாம்.

நெல்லிக்கு 6 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரே ரகத்தை மட்டும் நட்டால் காய்ப்பிடிப்பு குறையும் என்பதால் என்ஏ 7, கிருஷ்ணா, காஞ்சன், பிஎஸ்ஆர் 1 போன்றவற்றில் குறைந்தது இரண்டைக் கலந்து நட வேண்டும். புளிக்கு 10 மீட்டர் இடைவெளி தேவை. விதைக்கன்று காய்க்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று அதில் பாதிக் காலத்தில் காய்க்கும். விளாவும் நாவலும் எல்லையோரத்துக்கு ஏற்றவை. மா, தைப் பூவிலிருந்து வைகாசிப் பழம் வரை முழுக்க முழுக்க மழையற்ற மாதங்களில் காயை வளர்க்கிறது. ஆழமான மண் இல்லாத இடத்தில் அதை நடுவது வீண். மாதுளையும் அப்படித்தான்: செடி பிழைக்கும், ஆனால் ஈரம் ஏறி இறங்கும்போது பழம் வெடித்துவிடும்.

நடாமலே தொடங்கும் வழி

இந்த நிலங்களில் பலரும் கவனிக்காத ஒரு செல்வம் உண்டு: வரப்பிலும் ஓடைக்கரையிலும் தானாக முளைத்து நிற்கும் நாட்டு இலந்தை. அதன் ஆணிவேர் ஏற்கெனவே பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. புதிதாக நடும் எந்த ஒட்டுக்கன்றும் அந்த ஆழத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே நிலத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று புல்டோசரை விட்டு அவற்றைப் பெயர்த்தெறிவதற்கு முன், இடைவெளிக்கு ஏற்ப நிற்கும் மரங்களை அடையாளமிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பங்குனி, சித்திரையில் அம்மரங்களை முழங்கால் உயரத்தில் அறுத்துவிட வேண்டும். சில வாரங்களில் அடிக்கட்டையிலிருந்து பல துளிர்கள் கிளம்பும். அவற்றில் நேராகவும் திடமாகவும் உள்ள இரண்டு, மூன்றை மட்டும் வெவ்வேறு பக்கங்களில் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். துளிர் பென்சில் கனம் வந்து, பட்டை கத்தி பட்டதும் எளிதாக உரியும் பருவத்தில், நல்ல ரகத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து, துளிரின் பட்டைக்குள் செருகி ஒட்டுக்கட்ட வேண்டும். பட்டை உரிய மறுத்தால் மரம் இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். ஒரு மழைக்காகக் காத்திருக்கலாம். மொட்டுள்ள குச்சியை வெட்டிய அன்றே பயன்படுத்துவது நல்லது. வெளியூரிலிருந்து கொண்டுவந்தால் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் மொட்டு பச்சையாக இருந்தால் ஒட்டைச் சுற்றிக் கட்டியதை அவிழ்த்து, மொட்டுக்கு மேலே துளிரை வெட்டிவிட வேண்டும். அதன் பிறகு ஒட்டுக்குக் கீழே வரும் நாட்டுத் துளிர்களை மாதம் ஒரு முறையாவது நீக்காவிட்டால், இரண்டு ஆண்டில் நல்ல ரகம் காணாமல்போய் மீண்டும் நாட்டு இலந்தையே மிஞ்சும். இவ்வாறு மாற்றிய மரம் பெரும்பாலும் மறு பருவத்திலேயே காய்க்கும். அதற்குக் கோடைத் தண்ணீர் ஒரு குடம்கூடத் தேவைப்படாது.

மழைநீரை மரத்தடிக்குத் திருப்புதல்

நாட்டு மரம் இல்லாத இடங்களில் புதிதாக நடத்தான் வேண்டும். குழி தோண்டும் முன் நிலத்தின் உருவத்தை மாற்ற வேண்டும். இதைச் சித்திரை, வைகாசியில் கோடை மழை தந்த ஈரத்தில் முடித்துவிடலாம். முதலில் சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, வரைந்துகொள்ள வேண்டும். மூன்று கழிகளைக் கட்டிய ஏ வடிவச் சட்டமோ, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயோ இதற்குப் போதும். மரவரிசைகள் இந்தக் கோடுகளின் மேல்தான் அமைய வேண்டும். பார்வைக்கு நேர்வரிசையாக இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம்.

சமதளமான நிலத்தில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி அதன் தண்டை நோக்கி 5 சதவீதச் சரிவு கொடுப்பது இலந்தைக்கும் நெல்லிக்கும் பரிந்துரைக்கப்படும் முறை. மூன்று மீட்டர் தொலைவில் தொடங்கி மரத்தடிக்கு வரும்போது 15 செ.மீ. இறங்கியிருந்தால் அதுவே 5 சதவீதம். நிலத்தில் இயல்பாகவே சரிவு இருந்தால், மரத்தின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒரு வரப்பைப் போட்டு, அதன் இரு நுனிகளும் மேட்டை நோக்கி நீளும்படி அமைப்பது குறைந்த செலவில் முடியும். 40 சதுர மீட்டர் பரப்பில் 20 மி.மீ. மழை பெய்தால் 800 லிட்டர் விழும். அதில் கால் பங்கு வழிந்து வந்தாலும் 200 லிட்டர் மரத்தடிக்குச் சேரும். சாதாரண மழையை இப்படி ஒரு நல்ல நனைப்பாக மாற்றுவதே இந்த வேலையின் பயன்.

ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டும் வழக்கமும் வடகிழக்குப் பருவமழைக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு வரப்பிலும் உபரி நீர் வெளியேற, அடியில் கல் பரப்பிய ஒரு வாய் வைக்க வேண்டும். அது இல்லாத வரப்பு முதல் பெருமழையிலேயே உடைந்து, அடுத்த வரிசையையும் அரித்துக்கொண்டு போகும். கரிசலில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அங்கே மரத்தைப் பள்ளத்தில் நடக் கூடாது. கன்று நிற்கும் இடத்தைச் சற்று மேடாக வைத்து, நீர் தேங்கும் வளையத்தை ஒரு மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும்.

குழியும் நடவும்

இலந்தை, நெல்லி, புளி ஆகியவற்றுக்கு ஒரு மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழியும், சீத்தாவுக்கு 60 செ.மீ. குழியும் போதும். வைகாசியில் தோண்டி, ஒன்றிரண்டு மாதம் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் 10 முதல் 15 கிலோ மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து ஆவணியில் நிரப்ப வேண்டும். மக்காத சாணம் கரையானை அழைத்துவரும். குழியின் பக்கச்சுவர்கள் மண்வெட்டியால் வழவழப்பாகி இறுகியிருந்தால், கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வேர் குழிக்குள்ளேயே சுற்றும்.

பாசனம் உள்ளவர்கள் ஆடிப்பட்டத்தில் நடலாம். நாம் புரட்டாசிக் கடைசியில் தொடங்கி, குழி மண் முழங்கை ஆழத்துக்கு நனைந்த முதல் நல்ல மழைக்குப் பின் நட வேண்டும். அப்போதுதான் கன்றுக்கு மூன்று மாத ஈரம் தொடர்ந்து கிடைக்கும். ஐப்பசி கடந்தபின் நடுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே மேல். கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. ஓராண்டுக்கு மேல் பையில் இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும், அது ஒருபோதும் ஆழம் போகாது. சிறிய, இளங்கன்றே மானாவாரிக்கு உகந்தது.

அதைவிடச் சிறந்தது, குழியிலேயே நாட்டு விதையை ஊன்றி, வளர்ந்த செடியில் அந்த இடத்திலேயே ஒட்டுக்கட்டுவது. ஜோத்பூரிலும் பிகானீரிலும் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனங்கள் இலந்தைக்கு வலியுறுத்தும் முறையும் இதுவே. ஆணிவேர் ஒரு முறையும் வெட்டுப்படாமல் நேரே இறங்குவதால் மரம் ஓராண்டு தாமதமாகத் தொடங்கினாலும் வறட்சியில் முந்திக்கொள்ளும். ஒரு குழிக்கு நான்கைந்து விதைகள் ஊன்றி, திடமான ஒன்றை மட்டும் விட வேண்டும்.

முதல் இரண்டு கோடைகள்

பாசனம் இல்லாத தோட்டம் என்பது முதல் நாளிலிருந்தே ஒரு சொட்டும் ஊற்றாத தோட்டம் அன்று. நர்சரிக் கன்று நட்டிருந்தால் முதல் இரண்டு கோடைகளில் உயிர்த்தண்ணீர் கொடுத்தாக வேண்டும். அதற்கு வண்டியில் கொண்டுவரும் பேரல் தண்ணீரோ, பண்ணைக்குட்டையில் மிஞ்சிய நீரோ போதும். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைக் காட்டிலும் எங்கே கொடுக்கிறோம் என்பது இங்கே முக்கியம். மேலே ஊற்றும் நீர், வேரை மேலேயே பழக்கிவிடும். ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளும், நன்றாகச் சுட்ட, பூச்சு இல்லாத மண்பானையைக் கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்து வரை புதைத்து, மூடி போட்டு வாரம் ஒரு முறை நிரப்பினால், நீர் கசிந்து ஆழத்தில் பரவும். பானைக்குப் பதிலாக, அரை மீட்டர் நீளக் குழாயில் துளையிட்டுச் செங்குத்தாக இறக்கியும் ஊற்றலாம். இரண்டாவது கோடையில் இடைவெளியைப் பதினைந்து நாளாக நீட்டி, மூன்றாவது கோடையில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் நீர் கேட்கும் கன்று அந்த இடத்துக்கு உரியதல்ல. பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம்.

மூடாக்கு இடும் விஷயத்தில் நம் நிலத்துக்கு ஒரு தனித்த சிக்கல் இருக்கிறது. பனையோலை, நிலக்கடலைத் தோல், வைக்கோல் எதைப் போட்டாலும் கோடையில் கரையான் வந்துவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் இடம் விட்டுப் பரப்புவதும், அடியில் வேப்பம்பிண்ணாக்குத் தூவுவதும் ஓரளவு காக்கும். கல் கிடைக்கும் நிலத்தில் தட்டைக் கற்களைப் பரப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கல் மக்குவதில்லை, கரையானுக்கும் உணவாவதில்லை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில், 1730 முதல் 1736 வரை வெடித்த எரிமலை நிலத்தை மூடிய கருஞ்சாம்பலில் குழி பறித்து, அதனடியில் திராட்சையை வளர்க்கிறார்கள். ஆண்டுக்கு 150 மி.மீ. அளவே மழை பெய்யும் அந்த இடத்தில் ஆவியாதலைத் தடுப்பது அந்தச் சாம்பல் போர்வைதான். காற்றைத் தடுக்க ஒவ்வொரு குழிக்கும் அரைவட்டக் கற்சுவரும் உண்டு.

காற்று நமக்கும் பகைதான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, துளிர்க்கும் மரத்தின் ஈரத்தை வெயிலைவிட வேகமாக உறிஞ்சும். மேற்கு எல்லையில் பனையை நெருக்கமாக வைப்பது நீண்டகாலத் தடுப்பு. அது வளரும் வரை கன்றின் மேற்கே ஓலைத் தட்டி கட்டலாம். எல்லையில் சீமைக்கருவேலம் இருந்தால், பழமரங்களின் பங்கை அது குடித்துவிடும் என்பதால் வேரோடு அகற்ற வேண்டும். ஆட்டுக்கு வேலி என்பது சொல்லத் தேவையில்லாதது, ஆயினும் இந்த ஊர்களில் கன்றுகள் அதிகம் சாவது வறட்சியால் அன்று, ஆட்டால்தான்.

ஆண்டு வேலைகள்

முதல் நான்கு ஆண்டுகள் மரவரிசைகளுக்கு இடையே உளுந்து, பாசிப்பயறு, குதிரைவாலி போன்ற குறுகியகாலப் பயிர்களைப் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்துத் தைக்குள் எடுத்துவிடலாம். மழை நின்றபின் நிலத்தில் நிற்கும் எந்தச் செடியும் மரத்தின் கோடை ஈரத்தைத் திருடுகிறது. களைக்கும் இது பொருந்தும். தை மாதத்தில் மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்குக் கொத்திவிட்டால், ஈரம் மேலேறி ஆவியாகும் பாதை அறுபடும். கரிசலில் பிளவுகள் தோன்றத் தொடங்கும்போதே இதைச் செய்து வெடிப்புகளை மூடாவிட்டால், அவை வேரையும் அறுத்து, ஆழத்து ஈரத்தையும் வெளியேற்றும்.

இலந்தை புதுக்கிளையில்தான் காய்க்கும் என்பதால் ஆண்டுதோறும் கவாத்து கட்டாயம். அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் சென்ற ஆண்டுக் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெட்டி, உள்நோக்கி வளர்ந்தவற்றையும் ஒன்றோடொன்று உரசுபவற்றையும் நீக்க வேண்டும். கோடைக்கு முன் இலைப்பரப்பு குறைவதால் நீர்ச்செலவும் குறைகிறது. நெல்லிக்கும் புளிக்கும் இளமையில் வடிவம் கொடுத்தால் போதும்.

இலந்தைக்குப் பெரிய தொல்லை பழ ஈ. அதன் கூட்டுப்புழு மரத்தடி மண்ணில் கோடையைக் கழிக்கும். ஆகவே விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி அழிப்பதும், சித்திரையில் மரத்தடியைக் கிளறி வெயில் படவிடுவதும் மருந்தைவிடப் பயன் தரும். மார்கழிப் பனியில் காயின் மேல் வெண்பொடி படர்ந்தால், லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தைத் தெளிக்கலாம். சீத்தாவில் மாவுப்பூச்சி எறும்புகளுடன் ஏறிவரும். தரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுவதே முதல் வைத்தியம்.

மழை பொய்த்த ஆண்டு

மார்கழி முடியும்போது ஒரு மீட்டர்க் குழி தோண்டிப் பார்த்து, அடிமண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்காமல் உதிர்கிறது என்றால், அந்த ஆண்டு மரத்தைக் காப்பாற்றுவது மட்டுமே வேலை. மரத்தில் உள்ள காயில் பாதியையாவது பிஞ்சிலேயே உதிர்த்துவிட வேண்டும். கவாத்தை வழக்கத்துக்கு முன்பே, தையிலேயே, கடுமையாகச் செய்து தலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வெட்டிய தழையை மரத்தடியில் பரப்பி அதன் மேல் கல் அடுக்கலாம். உரம் எதுவும் இடக்கூடாது. துளிர்க்கத் தூண்டினால் இருக்கும் கொஞ்ச ஈரமும் தீரும். இரண்டு ஆண்டு தொடர்ந்து மழை பொய்த்தால், இலந்தையை மட்டும் ஒட்டுக்கு ஒரு சாண் மேலே அறுத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஆழத்தில் வேர் உயிரோடிருக்கும் மரம் அடுத்த நல்ல மழைக்குத் துளிர்க்கும். மற்ற மரங்களுக்கு அந்த அளவு வெட்டு ஆகாது. பட்டுப்போன இடங்களில் அதே ரகத்தை மீண்டும் வைக்காமல், உயிரோடு மீண்ட மரங்களிலிருந்து மொட்டு எடுத்து நிரப்ப வேண்டும்.